கறுப்பு கோட்டிலிருந்து கோட்டைக்கு

இருபது வருடமாக மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்கு நடத்துகிறேன். தேர்தல் வந்தால் நண்பர்களுக்கு வேட்புமனு நிரப்பிக் கொடுப்பேன், தலைமை ஏஜென்டாகவும் உட்காருவேன். அப்படி நின்றவர்களில் நாலு பேர் வக்கீல்கள். மேடையில் எவரும் சறுக்கவில்லை. சறுக்கியதெல்லாம் காகிதத்தில்.

எம்.எல்.ஏ. ஆக ஆசைப்படும் வக்கீல் முதலில் போக வேண்டிய இடம் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம். கலெக்டர் அலுவலக வாசலில் பட்டா மாறுதலுக்காக ஐந்தாவது முறை வந்திருக்கும் பாட்டியிடம் பழைய மனுவின் ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள்; இருக்காது. 'மேற்படி மனுதாரர் ஆகிய நான்' என்றெல்லாம் நீட்டாமல், கிராமம், சர்வே எண், என்ன தப்பு, எந்தப் பத்திரம் இணைப்பு, என்ன வேண்டும் என்று ஐந்து வரியில் எழுதிக் கொடுங்கள். ரசீதை அவர் கையில் கொடுத்துவிட்டு எண்ணை உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஃபீஸ் வாங்காதீர்கள். ஜமாபந்தி (தாலுகாவில் வருடா வருடம் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கை), கிராம சபை எதையும் விடாமல் இரண்டு வருடம் இதைச் செய்தால் தொகுதியில் பாதித் தெரு உங்களுக்குத் தெரிந்துவிடும். ராஜாஜியே சேலத்தில் வக்கீலாக இருந்து 1917-ல் நகராட்சித் தலைவரான பிறகுதான் 1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானார், இன்றைய முதல்வர் பதவி மாதிரி.

கட்சி விஷயத்தை நீட்டப் போவதில்லை. வழக்கறிஞர் அணியில் பெயர் இருப்பது சீட்டுக்கு உத்தரவாதமில்லை. விருப்ப மனு, நேர்காணல் எல்லாம் தாண்டினாலும் ஒன்றியச் செயலாளர் முகம் கோணினால் கஷ்டம்தான்.

அரசு வழக்கறிஞர் பதவியில் இருந்தால் மனுத்தாக்கலுக்கு முன்பே ராஜினாமா செய்து, அது ஏற்கப்பட்ட உத்தரவையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ராஜஸ்தானில் காந்தா கதூரியா என்ற வக்கீல் ஒரே ஒரு விவகாரத்தில் சிறப்பு அரசு வழக்கறிஞராக இருந்தார். அது அரசிடம் ஆதாயம் பெறும் பதவி, அதனால் அவர் தேர்தலில் வென்றது செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்ல, உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் 1969-ல் பதவியைக் காப்பாற்றிக்கொண்டார். அந்த அலைச்சல் உங்களுக்கு எதற்கு?

அப்புறம் வேட்புமனு. வயது 25 நிறைந்திருக்க வேண்டும். மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதியில் ஓட்டு இருக்க வேண்டும். டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்றால் முன்மொழிய ஒருவர் போதும். ஆனால் நீங்கள்தான் கட்சி வேட்பாளர் என்று காட்டும் ஏ, பி படிவங்கள் மனுத்தாக்கலின் கடைசி நாள் மாலை 3 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். சுயேச்சைக்குப் பத்துப் பேர், அத்தனை பேரும் அதே தொகுதி வாக்காளர்கள். என் நண்பர் ஒருவர் இதில்தான் விழுந்தார். பத்தில் ஒருவர் வீடு மாறி, ஓட்டு பக்கத்துத் தொகுதிக்குப் போயிருந்தது. பரிசீலனையில் அரை மணி நேரம் அற்புதமாக வாதாடினார். தேர்தல் நடத்தும் அலுவலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மனுவைத் தள்ளினார். ஒரே வேட்பாளர் வேட்புமனுவை நாலு செட் வரை கொடுக்கலாம். முன்மொழிய வேறு வேறு ஆட்களை வைத்து இரண்டு செட்டாவது கொடுத்திருந்தால் தப்பித்திருப்பார். முன்மொழிபவர்களின் பாகம் எண், வரிசை எண்ணை அன்றைய வாக்காளர் பட்டியலில் உங்கள் கண்ணால் பாருங்கள், குமாஸ்தாவை நம்பாதீர்கள்.

சொத்து, கடன், வழக்கு விவரங்களைச் சொல்லும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. சொத்து இல்லையென்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும். வெற்றிடம் விட்டு, நினைவூட்டியும் நிரப்பாவிட்டால் மனுவை நிராகரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. இன்னொன்று, அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்று வேட்பாளர் எடுக்கும் உறுதிமொழி. மனு கொடுத்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மனு கொடுத்த கையோடு முடித்துவிடுவது நல்லது.

செலவுக்கு மனுத்தாக்கலுக்கு முந்தைய நாளாவது தனி வங்கிக் கணக்கு தொடங்கிவிடுங்கள். உச்சவரம்பு 40 லட்சம். ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவு வந்த 30 நாளில் கணக்கு கொடுக்காவிட்டால் மூன்று வருடத் தகுதியிழப்பு வரலாம்.

சரி, ஜெயித்துவிட்டீர்கள். எம்.எல்.ஏ. வக்கீல் தொழில் செய்யத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் எல்லா வக்காலத்திலும் ஜூனியர் பெயரைச் சேர்த்துவிடுங்கள். சட்டசபையில் மானியக் கோரிக்கை (துறைகளுக்கான நிதி ஒதுக்கீடு) விவாதத்தில் நீங்கள் பேச வேண்டிய அதே நாளில்தான் பத்து வருடப் பாகப்பிரிவினை வழக்கில் குறுக்கு விசாரணைக்கு வாய்தா விழும்.