மாவு அரைக்கும்போது மட்டும் அணைந்துபோன சோலார்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோசை மாவு அரைத்து விற்கும் ஓர் அக்காவுக்கு, சிறுகடன் தரும் அமானா இக்தியார் அமைப்பின், இந்தியப் பெண் தொழில்முனைவோருக்கான 'பெண்' திட்டக் கடனுக்கு மனு போட்டதிலிருந்து கூரையில் சோலார் ஏறும்வரை நான் கூடவே இருந்தேன். ஆனால் கிரைண்டரைப் போட்டதும், பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் 'பேட்டரி குறைவு' என்று கத்தி அணைந்துவிடும்.

பேனலைக் கழுவினோம். பலனில்லை. கடைக்காரர் பேட்டரியை மாற்றச் சொன்னார். கடன் வாங்கி வேறொரு பேட்டரியைப் பொருத்தியும் அதே கதைதான். வாரத் தவணை கட்டுகிறவருக்கு அது பெரிய பாரம்.

ஒரு விஷயம் உறுத்தியது: அதே பேட்டரியில் விளக்கும் விசிறியும் இரவு முழுக்க ஓடின. அப்புறம் வோல்ட் அளக்கும் மல்ட்டிமீட்டரை பேட்டரியில் வைக்காமல், இன்வெர்ட்டரின் முனையில் வைத்துக் கிரைண்டரைப் போடச் சொன்னேன். பேட்டரியில் 12.6 வோல்ட்; இங்கே ஒரு நொடி 9.4! மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். பேட்டரி பின்கட்டில், இன்வெர்ட்டர் முன்னறையில், நடுவே 5 மீட்டருக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர்; அவ்வளவு மின்னோட்டத்துக்கு அது மெல்லியது. வோல்ட் அதிலேயே கரைந்துவிட்டது.

இன்வெர்ட்டரைப் பேட்டரியின் பக்கத்திலேயே மாட்டி, அரை மீட்டருக்கு 25 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டோம். பியூஸை பேட்டரி முனையை ஒட்டி வைத்தோம். கிரைண்டர் நிற்காமல் சுற்றியது, அப்பாடா என்றிருந்தது.

அடுத்த அக்காவின் கொட்டேஷனில் ஒயரின் தடிமனையும் நீளத்தையும் எழுதி வாங்கிய பிறகே கடன் மனுவோடு சேர்த்தேன்.