மேளச்சமா எங்கே இருந்து கேட்பது?

நான் யாழ்ப்பாணத்து இணுவில்காரி. தெட்சணாமூர்த்தி தவில் வாசித்த மண்ணில் வளர்ந்துவிட்டு, காதுக்குக் கெடுதி என்று நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த மேளச்சமாவை விடச் சொல்ல என்னால் முடியாது. எழுபது வயதிலும் தனித்தவில் கேட்க வேண்டும் என்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, இடம் பிடிப்பது. எல்லாரும் மேடையைப் பார்த்து இருப்பார்கள். நீங்கள் ஸ்பீக்கர் பெட்டியைப் பாருங்கள். பெட்டிக்கு நேரே இருக்காதீர்கள். திறந்த வீதியில் பெட்டிக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தை இரட்டிப்பாக்கினால் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். 85 டெசிபலை 8 மணித்தியாலம் தாங்கலாம் என்பது பொதுவான கணக்கு; ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம்தான். ஆகவே 4 மீற்றரில் இருந்தவர் 8 மீற்றருக்குப் போனால் நாலு மடங்கு நேரம் கேட்கலாம். தகரக் கூரை போட்ட மண்டபத்துக்குள் சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதால் இந்தக் கணக்குச் சரிவராது. அங்கே வாசல் பக்கம்தான் நல்லது. பெட்டியே இல்லாவிட்டாலும் தவிலின் வலந்தலைப் பக்கம் ஒட்டி இருக்க வேண்டாம். விரல்கூடு போட்டு அடிக்கும் அந்தப் பக்கம்தான் காதைத் துளைக்கும்.

அளக்கக் கருவி தேவையில்லை. கை எட்டும் தூரத்தில் இருப்பவரோடு கத்தித்தான் கதைக்க வேண்டுமென்றால், எழும்பிப் பின்னால் போங்கள். தவிலுக்கும் தவிலுக்கும் போட்டி சூடுபிடிக்கும் நேரம் எழும்ப மனம் வராது, தெரியும். அதற்குத்தான் நுரை அடைப்பான். மெல்லிதாக உருட்டி, மற்றக் கையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே வைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடியுங்கள். வெறும் பஞ்சு பெரிதாக உதவாது. கைக்குழந்தைக்கு அடைப்பான் வேண்டாம், பிள்ளையோடு தள்ளி நில்லுங்கள்.

உள்காதில் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் அழிந்தால் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. பெருஞ்சத்தத்தில் முதலில் போவது உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் கலங்கள். அதனால் ஆட்கள் கதைப்பது கேட்கும், என்ன கதைக்கிறார்கள் என்று விளங்காது. ‘அப்பு வேண்டுமென்றே கேளாதமாதிரி நடிக்கிறார்’ என்று வீட்டில் சண்டை வருவதும் பல நேரம் இதனால்தான்.

திருவிழா முடிந்து வந்து காது இரைந்தால் அன்றும் மறுநாளும் ஹெட்போனைத் தொடாதீர்கள். மினிபஸ் பாட்டுக்கு மேலாகப் போனில் பாட்டுப் போடும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். படுக்கும்போது ஏதாவது கேட்டே ஆக வேண்டுமென்றால், மெதுவான ஆலாபனை ஒன்றைத் தாழ்ந்த சத்தத்தில் வைக்கலாம். மூச்சும் நாடித்துடிப்பும் தணியும். இரவுச் சத்தம் இதற்கு நேர்மாறு: விழிக்காவிட்டாலும் தூக்கம் கலங்கும், இதயம் வேகமாக அடிக்கும். அதிகாலை நாலரைக்கு ஒலிபெருக்கி போடுவது பற்றி என் கருத்தை இங்கே எழுதினால் ஊருக்குள் போக முடியாது.

இரைச்சல் இரண்டொரு நாளில் அடங்காவிட்டால் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். ஒரு காது திடீரென்று அடைத்ததுபோல் கேளாமல் போனால் அன்றைக்கே போங்கள்; சிகிச்சை பிந்தினால் பலன் குறையும்.

திருவிழாச் செலவை ஏற்கும் உபயகாரர் யாராவது உங்களுக்குத் தெரிந்தவர் என்றால், பெட்டிகளை ஆட்கள் இருக்கும் உயரத்துக்கு மேலே ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள். பின்னேரம் வயர் இழுக்கும்போதே சொல்ல வேண்டும். மேளம் தொடங்கினால் சவுண்ட்காரப் பொடியனுக்கு நீங்கள் சொல்வது கேட்காது.