ஆர்ட்டிஃபேக்டரி சர்வரை இடம் மாற்றுவது எப்படி? எக்ஸ்போர்ட், இம்போர்ட் செய்முறை

மதுரையில் அண்ணா நகரிலோ கே.கே. நகரிலோ ஒரு மாடியில் தொடங்குகிற சாஃப்ட்வேர் நிறுவனங்கள், ஆள் கூடியதும் இலந்தைக்குளம் எல்காட் வளாகத்துக்கோ வடபழஞ்சிக்கோ மாறுவது சகஜம். மேசை, நாற்காலி, கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். பல வருஷத்து ஜார் ஃபைல்களை, அதாவது ஜாவா லைப்ரரிப் பொட்டலங்களை, ஒரே இடத்தில் சுமந்து நிற்கிற ஆர்ட்டிஃபேக்டரி சர்வரை மாற்றுகிற வேலை மட்டும், பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த யாராவது ஒருவர் தலையில் வந்து விழும். அவருக்காக இதை எழுதுகிறேன். ஜேஃப்ராக் ஆர்ட்டிஃபேக்டரி 7-ஐ வைத்துச் சொல்கிறேன். மேவன் பயன்படுத்தத் தெரிந்திருந்தால் போதும்.

ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால் போதாதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். பதிலைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். சர்வரில் ஃபைல்ஸ்டோர் என்ற ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். உங்கள் ஜார் ஒன்றின் பெயர்கூட அங்கே இருக்காது. இரண்டிரண்டு எழுத்தில் பெயர் வைத்த ஏகப்பட்ட ஃபோல்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் 40 எழுத்து நீளப் பெயரோடு ஃபைல்கள், எதற்கும் எக்ஸ்டென்ஷன் கிடையாது. அந்த 40 எழுத்து, ஃபைலின் ஷா-1 செக்சம், அதாவது உள்ளே இருப்பதை வைத்துக் கணக்கிடுகிற அடையாளக் குறி. அதன் முதல் இரண்டு எழுத்துதான் ஃபோல்டரின் பெயர். ஒரே ஜாரைப் பத்து ரெபாசிட்டரியில் (ஜார்களைப் பிரித்து வைக்கிற தொகுப்பு) ஏற்றினாலும் இங்கே ஒரே ஒரு ஃபைல்தான் இருக்கும்.

எந்த ஜார் எந்த ரெபாசிட்டரியில், என்ன பெயரில், எந்த வெர்ஷனில் இருக்கிறது என்ற கணக்கு முழுவதும் டேட்டாபேஸில் இருக்கிறது. டேட்டாபேஸ் இல்லாத ஃபைல்ஸ்டோர், பேர் எழுதாத அஞ்சறைப் பெட்டிகள் நிறைந்த குடோன் மாதிரி. எக்ஸ்போர்ட் செய்யும்போதுதான் இரண்டும் சேர்ந்து, நாம் படிக்கிற மாதிரியான பெயர்களோடு வெளியே வருகிறது.

எதை எடுப்பது, எதை விடுவது

ரெபாசிட்டரியில் முக்கியமாக மூன்று வகை. நீங்கள் உருவாக்கிய ஜார்கள் இருப்பது லோக்கல். மேவன் சென்ட்ரல் போன்ற வெளி இடங்களிலிருந்து இறக்கி வைத்துக்கொள்வது ரிமோட். இவற்றை ஒரே முகவரியில் சேர்த்துக் காட்டுவது வெர்ச்சுவல். வெர்ச்சுவலில் சொந்தமாக எதுவும் கிடையாது, அதனால் எடுக்கவும் ஒன்றுமில்லை. லோக்கலை எடுத்தே ஆகவேண்டும்.

ரிமோட்டில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. மேவன் சென்ட்ரலிலிருந்து வந்ததை விட்டுவிடலாம், புது சர்வர் தானே திரும்ப இறக்கிக்கொள்ளும். ஆனால் ஆண்ட்ராய்டு வேலை செய்கிற நிறுவனம் என்றால், ஜேசென்டர் (மேவன் சென்ட்ரல் போலவே லைப்ரரிகள் கிடைத்த பொது இடம்) பெயரில் ஒரு ரிமோட் ரெபாசிட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். ஜேசென்டரை மூடப்போவதாக 2021-இல் அறிவித்தார்கள். 2024-இல் அங்கே போகிற கோரிக்கைகளை மேவன் சென்ட்ரலுக்குத் திருப்பிவிட்டார்கள். ஜேசென்டரில் மட்டும் இருந்த பழைய லைப்ரரிகள் உங்கள் சர்வர் இறக்கி வைத்த நகல்களில், அதாவது கேஷில், கிடக்கலாம். விட்டுவிட்டு வந்தால் வேறெங்கும் தேடிப் பிடிப்பது கஷ்டம். அந்தக் கேஷைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். ரெபாசிட்டரி பெயரின் கடைசியில் "-கேஷ்" என்று ஒட்டியிருக்கும்.

எக்ஸ்போர்ட்

முதலில் இடம். எக்ஸ்போர்ட் திரையில் நீங்கள் கொடுக்கிற பாதை சர்வரில் இருக்கிற பாதை. உங்கள் லேப்டாப்பில் எதுவும் வந்து இறங்காது. அந்த ஃபோல்டரில் எழுத ஆர்ட்டிஃபேக்டரியை ஓட்டுகிற பயனருக்கு அனுமதி இருக்க வேண்டும். டாக்கரில், அதாவது கன்டெய்னர் என்கிற தனி உறைக்குள், ஓடுகிறது என்றால் இரண்டு விஷயம் கூடுதல்: அந்தப் பயனரின் எண் 1030, ஃபோல்டர் உரிமையை அந்த எண்ணுக்கு மாற்றுங்கள். அப்புறம், கொடுக்கிற பாதை கன்டெய்னருக்கு உள்ளே இருக்கிற பாதை. வெளியே இருக்கிற ஃபோல்டரோடு இணைக்காத (மவுன்ட் செய்யாத) இடத்தில் எக்ஸ்போர்ட் செய்தால், கன்டெய்னரை நீக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடும்.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி அதில் கொண்டுபோவதாக இருந்தால் அதன் ஃபார்மேட்டைப் பாருங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலை ஏற்காது, பெரிய ஜிப் பாதியிலேயே நின்றுவிடும்.

இனி திரைக்கு வருவோம். அட்மினாக உள்ளே போய், அட்மினிஸ்ட்ரேஷன் பகுதியில் ஆர்ட்டிஃபேக்டரி அமைப்புகளுக்குள் "இம்போர்ட் அண்ட் எக்ஸ்போர்ட்" என்பதைத் தேடுங்கள். வெர்ஷனுக்கு வெர்ஷன் மெனு கொஞ்சம் இடம் மாறியிருக்கும். அதில் ரெபாசிட்டரிஸ், சிஸ்டம் என்று இரண்டு பிரிவு. ஆரம்பத்தில் ரெபாசிட்டரிஸ் பக்கமே இருங்கள். லிப்ஸ்-ரிலீஸ்-லோக்கல் மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பாதையைக் கொடுங்கள்.

கீழே டிக் பெட்டிகள் இருக்கும். "எக்ஸ்க்ளூட் மெட்டாடேட்டா" என்பதைத் தொடாதீர்கள். டிக் செய்தால் ஜார் மட்டும் வரும். அதோடு சேர்த்து வைத்திருந்த ப்ராப்பர்ட்டிகள் போன்ற விவரங்கள் வராது. "எம்2 கம்பாட்டிபிள்" என்பது மேவனுக்கான மெட்டாடேட்டா ஃபைலையும் செக்சம் ஃபைல்களையும் சேர்த்து எழுதும். ஆர்ட்டிஃபேக்டரியிலிருந்து ஆர்ட்டிஃபேக்டரிக்கே போகிறோம் என்றால் தேவையில்லை, வேறு கருவிக்கு மாறுபவர்களுக்கு உதவும். லாக்கை விரிவாக எழுதச் சொல்கிற பெட்டியை டிக் செய்துவிடுங்கள், பிரச்சினை வந்தால் அதுதான் கைகொடுக்கும்.

நாளையும் பார்த்து வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கென்று காலையில் கரண்டை நிறுத்தினால் சில இடங்களில் சாயங்காலம்தான் வரும். யுபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டு, யாரும் பில்ட் ஓட்டாத இரவிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ தொடங்குங்கள்.

முடிந்ததும் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். குரூப் பெயர், ஆர்ட்டிஃபேக்ட் பெயர், வெர்ஷன் என்று வரிசையாக ஃபோல்டர்கள், கடைசியில் ஜாரும் பாம் ஃபைலும் இருக்கும். பெயரின் கடைசியில் ".artifactory-metadata" என்று ஒட்டிய ஃபோல்டர்களும் பக்கத்தில் இருக்கும். மெட்டாடேட்டா அவற்றுக்குள்தான் இருக்கிறது. காப்பி செய்யும்போது அவையும் போகின்றனவா என்று கவனியுங்கள்.

இம்போர்ட்

புது சர்வரில் அதே ஆர்ட்டிஃபேக்டரி வெர்ஷனைப் போடுங்கள். மேம்படுத்துவதெல்லாம் மாற்றி முடித்த பிறகு. ரெபாசிட்டரி பக்கத்தில் செய்கிற இம்போர்ட் புதிதாக ரெபாசிட்டரியை உருவாக்காது, அதே பெயரில் நீங்களே முதலில் உருவாக்கி வைக்க வேண்டும்.

எந்த ஃபோல்டரைக் காட்டுவது என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் சறுக்குவார்கள். ஒரு ரெபாசிட்டரியை மட்டும் தேர்ந்தெடுத்தால், நீங்கள் காட்டுகிற ஃபோல்டருக்குள் குரூப் ஃபோல்டர்கள் நேரடியாக இருக்க வேண்டும். எல்லா ரெபாசிட்டரியையும் தேர்ந்தெடுத்தால், ஒரு படி மேலே போய், ரெபாசிட்டரி பெயர்கள் வரிசையாக இருக்கிற ஃபோல்டரைக் காட்ட வேண்டும். மாற்றிக் காட்டினால், ரெபாசிட்டரிக்குள்ளேயே அதன் பெயரில் இன்னொரு ஃபோல்டர் முளைக்கும். திரையில் ஜார்கள் எல்லாம் இருக்கிற மாதிரி தெரியும், மேவன் கேட்டால் 404 வரும்.

சிஸ்டம் பகுதி வேறு ரகம். அது ஜார்களோடு பயனர்கள், அனுமதிகள், அமைப்புகள் எல்லாவற்றையும் கொண்டுவரும். ஆனால் இம்போர்ட் தொடங்கும்போது அந்த சர்வரில் ஏற்கெனவே இருக்கிற அத்தனையையும் அழித்துவிட்டுத்தான் எழுதும். ஓடிக்கொண்டிருக்கிற சர்வரில் தயவுசெய்து அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள். காலி சர்வருக்கு மட்டுமே அது. பொத்தானைத் தொடுவதற்கு முன், பிரவுசரின் மேலே இருப்பது புது சர்வரின் முகவரிதானா என்று பக்கத்தில் இருப்பவரையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

நூற்றுக்கணக்கான ஜிபி இருந்தால் இந்த வழியே சரிப்படாது, அவ்வளவு நேரம் ஆகும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸை டம்ப் (முழு நகல்) எடுத்து, ஃபைல்ஸ்டோரையும் மாஸ்டர் கீ உள்ளிட்ட அமைப்பு ஃபைல்களையும் காப்பி செய்வதுதான் வழி. ஓடுகிற சர்வரில் எடுத்தால் டேட்டாபேஸ் முதலில், ஃபைல்ஸ்டோர் அப்புறம். மாற்றிச் செய்தால், இடையில் ஏறிய ஜாரின் பெயர் டேட்டாபேஸில் இருக்கும், ஃபைல் இருக்காது.

சரிபார்ப்பு

உங்கள் லேப்டாப்பில் பில்ட் ஓடிவிட்டது என்று திருப்திப்படாதீர்கள். மேவன் இறக்கியதைச் சேர்த்து வைக்கிற எம்2 ஃபோல்டரில் எல்லா ஜாரும் ஏற்கெனவே இருப்பதால் மேவன் பெரும்பாலானவற்றுக்குப் புது சர்வரைக் கேட்டிருக்கவே கேட்டிருக்காது. செட்டிங்ஸ் ஃபைலில் முகவரியைப் புது சர்வருக்கு மாற்றிவிட்டு, எம்2-க்குள் இருக்கிற ரெபாசிட்டரி ஃபோல்டரின் பெயரை மாற்றி வைத்துவிட்டு, இருக்கிற ப்ராஜெக்டுகளில் பழையதாகப் பார்த்து ஒன்றை எடுத்து பில்ட் ஓட்டுங்கள். நாலைந்து ஜாரை எடுத்துப் பழைய சர்வரிலும் புதிதிலும் ஷா-256 ஒன்றா என்று பாருங்கள். ஏதாவது கிடைக்கவில்லை என்று வந்தால் முதலில் ஃபோல்டர் அடுக்கு, அடுத்து வெர்ச்சுவலில் அந்த ரெபாசிட்டரியைச் சேர்த்தீர்களா என்பது, அதற்கப்புறம் அனுமதி.

பழைய சர்வரை நிறுத்தி மட்டும் வையுங்கள். புது சர்வரிலிருந்து ஒரு ரிலீஸ் முழுசாக வெளியே போகிறவரை அதன் டிஸ்க்கை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.