ரூட் மாற்றங்களை நெட்லிங்க் சாக்கெட்டில் கவனிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸில் ரூட் (பாக்கெட் எந்த வழியாகப் போக வேண்டும் என்ற பதிவு) மாறியதா என்று பார்க்க, சில நொடிகளுக்கு ஒருமுறை 'ஐபி ரூட்' கட்டளையை ஓட்டி, வந்த வரிகளைப் பழையதோடு ஒப்பிடும் புரோகிராம்கள் இன்னும் உண்டு. இரண்டு ஓட்டத்துக்கு நடுவே ஒரு ரூட் போய்த் திரும்பி வந்துவிட்டால் அவற்றுக்குத் தெரியவே தெரியாது. கர்னலும் புரோகிராம்களும் பேசிக்கொள்ளும் நெட்லிங்க் சாக்கெட்டைத் திறந்து, ரூட் செய்திகள் வரும் குழுவில் சேர்ந்தால் கர்னலே கூப்பிட்டுச் சொல்லும். ஆனால் அப்படி மாறியவர்களிடமும் ஒரு தவறைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்: கர்னல் அனுப்பும் செய்திகளை ஒன்றுவிடாத கணக்கு என்று நம்பிவிடுகிறார்கள்.

முதல் சறுக்கல் சாக்கெட்டைக் கட்டும் இடத்திலேயே நடக்கிறது. ஐபிவி4 ரூட் குழுவின் எண் 7. அதைப் பார்த்துவிட்டு, பைண்ட் செய்யும்போது (சாக்கெட்டை முகவரியோடு இணைக்கும்போது) குழுக்களுக்கான புலத்தில் நேராக 7 என்று போட்டுவிடுகிறார்கள். அந்தப் புலம் பிட் மாஸ்க், அதாவது ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பிட். அங்கே 7 என்றால் 1, 2, 4 ஆகிய மூன்று பிட்டுகள். லிங்க் (இன்டர்ஃபேஸ் நிலை) செய்தி வரும், பக்கத்து மெஷின்களின் ஏஆர்பி (ஐபிக்குரிய வன்பொருள் முகவரி) செய்தி வரும், ரூட் செய்தி மட்டும் வராது. ஏதோ வந்துகொண்டே இருப்பதால் சந்தேகமும் எழாது. மாஸ்க்கில் ஐபிவி4 ரூட்டுக்கு 64, ஐபிவி6 ரூட்டுக்கு 1024. அங்கேயே சாக்கெட்டின் அடையாள எண்ணான போர்ட் ஐடிக்கு புராசஸ் எண்ணைக் கொடுக்காதீர்கள். அதே புராசஸில் இரண்டாவது சாக்கெட்டுக்கும் அதையே கொடுத்தால் பைண்ட் தோற்கும். 0 கொடுங்கள், கர்னல் தானே ஒதுக்கும்.

அடுத்தது வரிசை. முதலில் ரூட் பட்டியலை டம்ப்பாக, அதாவது முழுதாக, வாங்கிவிட்டுப் பிறகு குழுவில் சேர்ந்தால், நடுவில் நடந்த மாற்றம் தொலைந்துபோகும். முதலில் சேருங்கள், பிறகு டம்ப் கேளுங்கள். ஒரே ரூட் இருமுறை வரலாம். அதைத் தாங்கும்படி எழுதுவது எளிது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ஈநோபஃப்ஸ் (ENOBUFS, பஃபரில் இடமில்லை) பிழை. நெட்வொர்க்குகள் ரூட்டுகளைப் பரிமாறும் பிஜிபி ஓடும் மெஷினில் ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கான ரூட்டுகள் மாறும். உங்கள் புரோகிராம் படிப்பதற்குள் சாக்கெட்டின் பஃபர் நிரம்பிவிடும். கர்னல் காத்திருக்காது, மிச்சத்தைக் கீழே போட்டுவிட்டு இந்தப் பிழையைத் தரும். பலரும் லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு லூப்பைத் தொடர்கிறார்கள். அந்த நொடியிலிருந்து உங்கள் கையில் உள்ள பட்டியல் பொய். எது தொலைந்தது என்று கர்னல் சொல்லாது. முழு டம்பை மறுபடி வாங்குவதுதான் ஒரே வழி. பஃபரைப் பெரிதாக்கினால் பிழை அபூர்வமாகும், ஒழியாது. இந்தப் பிழையே வராமல் அணைக்கும் ஆப்ஷன் ஒன்றும் உண்டு. ரூட் கவனிக்கும் புரோகிராமில் அதைத் தொடவே தொடாதீர்கள்.

இன்னொன்றைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவீர்கள். ஒரு டம்மி (போலி) இன்டர்ஃபேஸ் உருவாக்கி, ஐபிவி4 முகவரி கொடுத்து, அப் செய்து, அதன் வழியாக ஒரு ஸ்டாடிக் ரூட் சேருங்கள். இன்னொரு டெர்மினலில் 'ஐபி மானிட்டர் ரூட்' ஓடட்டும். இப்போது இன்டர்ஃபேஸை டவுன் செய்யுங்கள். ரூட் பட்டியலில் அந்த ஐபிவி4 வரிகள் இருக்காது. மானிட்டரிலோ அவை நீக்கப்பட்டதாக ஒரு வார்த்தையும் வராது. மறுபடி அப் செய்தால் நேரடி சப்நெட்டின் ரூட் திரும்பி வரும், நீங்கள் சேர்த்த ஸ்டாடிக் ரூட் வராது. ஆகவே லிங்க் குழுவிலும் சேர்ந்து, டவுன் செய்தி வந்ததும் அந்த இன்டர்ஃபேஸின் ரூட்டுகளை நீங்களே கழிக்க வேண்டும்.

செய்தியைப் பிரிக்கும்போதும் கவனம் வேண்டும். ஒரே ரிசீவில் பல செய்திகள் வரலாம், முதலாவதோடு நிறுத்தாதீர்கள். டிஃபால்ட் ரூட்டில் சேருமிட முகவரி என்ற அட்ரிபியூட்டே (ஹெடருக்குப் பின் வரும் தனித் தகவல்) இருக்காது, ஹெடரில் சேருமிட ப்ரிஃபிக்ஸ் நீளம் 0 என்பதுதான் அடையாளம். டேபிள் எண் 255-ஐத் தாண்டினால் ஹெடரின் ஒரு பைட்டில் அது அடங்காது, தனி அட்ரிபியூட்டில்தான் இருக்கும். 'ரீப்ளேஸ்' செய்த ரூட்டுக்கு நீக்கல் செய்தி தனியாக வராது. புதிய ரூட் செய்தியில் ரீப்ளேஸ் என்று காட்டும் ஒரு கொடி (ஃபிளாக்) மட்டும் இருக்கும்.

கன்டெய்னருக்குள் ஓட்டினால் சாக்கெட் இயல்பாக அந்த நெட்வொர்க் நேம்ஸ்பேஸின் (தனியாகப் பிரிக்கப்பட்ட நெட்வொர்க் சூழலின்) செய்திகளை மட்டுமே தரும். ஹோஸ்டின் ரூட்டைப் பார்க்க வேண்டுமானால் சாக்கெட்டை அங்கேயே திறக்க வேண்டும்.