கட்டுரை நோட்டுல மார்க் போடாம திருத்துறது எப்படி?

எட்டாவது, ஒன்பதாவது பசங்களுக்குத் தமிழ் எடுக்கிற டீச்சர்களுக்காக இத எழுதுறேன். முன்னுரை, முடிவுரை இருந்தா இத்தன மார்க், பிழைக்கு அர மார்க் கட்னு நானும் வருஷக்கணக்கா திருத்தினவதான், நோட்டு கைக்கு வந்ததும் பசங்க மார்க்கப் பாப்பாங்க, பக்கத்துல இருக்கிறவன் மார்க்க எட்டிப் பாப்பாங்க, மூடி பைக்குள்ள போட்டுருவாங்க. ஓரத்துல நான் எழுதினத யாரும் படிக்கல.

இஸ்ரேல்ல ரூத் பட்லர்ங்கிறவங்க 1988ல வெளியிட்ட ஆய்வும் இதத்தான் சொல்லுது. அஞ்சாவது ஆறாவது பிள்ளைங்கள்ல, வெறும் கருத்து மட்டும் வாங்கினவங்க ஆர்வமாவும் இருந்தாங்க, நல்லாவும் செஞ்சாங்க, மார்க்கும் கருத்தும் சேத்து வாங்கினவங்களுக்கு அந்தப் பலன் கிடைக்கல. அதனால ரெண்டையும் ஒண்ணா குடுக்காதீங்க.

மொதல்ல பேனாவ மூடி வச்சிட்டு முழுசா ஒரு தடவ படிங்க, கையில செவப்பு பேனா இருந்தா கண்ணு பிழையத்தான் தேடும். மனசுல நின்ன வரிக்குக் கீழ கோடு போடுங்க. அப்புறம் அந்தப் பிள்ளைகிட்ட நேர்ல பேசுற மாதிரி ரெண்டு வரி, கூடவே ஒரு கேள்வி. "நன்று", "இன்னும் முயற்சி செய்" இதெல்லாம் வேணாம், அத எந்த நோட்டுல வேணா எழுதிடலாம், படிக்காமலே எழுதிடலாம்.

ஒரு பையன் ஊர்த் திருவிழா பத்தி எழுதியிருந்தான். ஒன்ர பக்கமும் கைடு வரி, மக்கள் வெள்ளம், வாணவேடிக்கை, எல்லாம். நடுவுல ஒரே ஒரு வரி: "அக்கா ராட்டினத்தில் ஏறினாள், நான் அவள் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்." அதுக்குக் கோடு போட்டு, "தம்பி, இதப் படிச்சதும் நீ நின்ன இடம் என் கண்ணுல தெரிஞ்சுது. நீ ஏன் ஏறல?"னு எழுதினேன். அடுத்த வாரம் திருப்பி எழுதிட்டு வந்தான், கையில இருந்தது ஒரு டிக்கெட்டுக்கு மட்டும்தானாம், அக்காவுக்கு அடுத்த மாசம் கல்யாணம், அதனால அவள ஏறச் சொல்லிட்டானாம். கைடு வரி ஒண்ணுகூட இல்ல. எனக்குத் தொண்ட அடைச்சிருச்சு.

பிழைய விட்டுடச் சொல்லல. ஒரு தடவைக்கு ஒரு வகை மட்டும் எடுங்க, இந்தக் கட்டுரைல ர-ற, அடுத்ததுல ஒற்றுப்பிழை. பக்கம் முழுக்க செவப்பா இருந்தா பிள்ள அடுத்த தடவ தனக்கு எழுத்து தெரிஞ்ச வார்த்தைய மட்டும்தான் எழுதும்.

நேரம் எங்கனு கேப்பீங்க, நியாயம்தான். 40 நோட்டு, ஒண்ணுக்கு 5 நிமிஷம்னா 200 நிமிஷம், ஒரே ராத்திரில ஆகாது. ஒரு நாளைக்கு 8 நோட்டு எடுத்தா 5 நாள்ல முடிஞ்சிரும், ஆனா மாசம் ஒரு கட்டுரைக்கு மேல வைக்காதீங்க. பத்தாவதுக்குப் பரீட்சை முறைப்படி எழுதிப் பழகணும்தான், அதுக்குத் தனியா ரெண்டு பீரியட் போதும்.

ரெஜிஸ்டர்ல மார்க் ஏத்தித்தான் ஆகணும்னா, திருப்பி எழுதினதுக்கு மட்டும் போடுங்க. மொத தடவ எழுதினதக் கிழிக்க விடாதீங்க, அது இடது பக்கம், புதுசு வலது பக்கம், என்ன மாத்தினேன்னு பிள்ளையே கீழ ஒரு வரி எழுதட்டும். வீட்ல இருந்து வந்து மார்க் எங்க மிஸ்னு கேட்டாங்கன்னா அந்த ரெண்டு பக்கத்தையும் விரிச்சுக் காட்டுங்க.