ஏரோபிரஸ் வாங்கியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏரோபிரஸ் என்பது தூளையும் வெந்நீரையும் குழாயில் போட்டு, கையால் அழுத்திக் காபி இறக்கும் கருவி. அதை வாங்கிய நண்பர்களிடமிருந்து அந்த வாரமே போன் வரும். "கசக்குது", "தண்ணியா இருக்கு". போய்ப் பார்த்தால் எல்லார் வீட்டிலும் அதே கோளாறுகள்தான். வடிகட்டும் காகிதம் போட மறப்பது, மூடியைச் சரியாகத் திருகாதது எல்லாம் இரண்டு நாளில் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

போட்டியில் வென்ற செய்முறையை அப்படியே எடுப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். ஏரோபிரஸ் உலகப் போட்டி 2008-ல் ஆஸ்லோவில் மூன்றே பேரோடு தொடங்கியது. இன்று பல நாடுகளில் தேர்வுச் சுற்று நடக்கிறது, வென்ற செய்முறைகளும் சுலபமாகக் கிடைக்கின்றன. 2017, 2018-ல் வென்றவை ஒரு தடவைக்கு ஏறக்குறைய 35 கிராம் தூள் கேட்கின்றன. கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாக இறக்கி, பிறகு வெந்நீர் கலப்பார்கள்.

போட்டியில் எல்லாருக்கும் ஒரே கொட்டைதான். அந்தக் கொட்டைக்காகவே அரைப்பு, சூடு, நேரம் எல்லாவற்றையும் பழகிப் பழகி அமைத்த கணக்கு அது. வேறு வறுவலுக்கு அது பொருந்த வேண்டிய அவசியமே இல்லை.

என் சித்தப்பா மகன் ஏற்காட்டிலிருந்து நல்ல அராபிகா கால் கிலோ வாங்கி வந்தான். கொஞ்சம் கருக்கவே வறுத்த கொட்டை. அதில் 35 கிராம் கணக்கைப் போட்டால் ஏழு கோப்பையில் பை காலி. 15 கிராம் என்றால் பதினாறு கோப்பை வரும். கசந்ததும் அரைப்பு, சூடு, நேரம் மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றினான், அடுத்த கோப்பையில் மறுபடியும் மாற்றினான். "எதனால கெடுதுன்னே தெரியலண்ணா" என்றான். எப்படித் தெரியும்? ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றினால்தான் தெரியும்.

மிச்சமிருந்த கொட்டையில், கருவியைக் கண்டுபிடித்த ஆலன் ஆட்லரின் வழியில் ஒரு கோப்பை போட்டேன். 2005-ல் அவர் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது சொன்னது ரொம்ப எளிமையானது: 80 டிகிரி சூடு, பத்து நொடிக் கிளறல், மெதுவான அழுத்தம், வேண்டுமானால் வெந்நீர் சேர்ப்பது. 15 கிராம் நிறுத்து, கொதித்த தண்ணீரைச் சற்று ஆறவிட்டு ஊற்றிக் கிளறினேன். உள்ளங்கையின் கனத்தை மட்டும் வைத்து அழுத்தி, 'இஸ்ஸ்' என்ற சத்தம் வந்ததும் நிறுத்தினேன். சக்கை வட்ட வில்லையாக வந்து விழுந்தது. குடித்துப் பார்த்தவன் சர்க்கரை டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டான்.

முழு பலத்தோடு அழுத்துவது

காபி அதனால் கெட்டியாகாது. கை நடுங்குகிற அளவுக்கு இறுகினால் தூள் அளவுக்கு மீறி நைசாக இருக்கிறது. கொஞ்சம் பருமனாக அரையுங்கள்.

தலைகீழாகக் கவிழ்க்கும் முறை

கருவியைத் தலைகீழாக நிறுத்தித் தூளை ஊறவிட்டு, பிறகு கோப்பைமேல் கவிழ்ப்பார்கள். தூக்கக் கலக்கத்தில் வேண்டாம், வெந்நீர் கையில் கொட்டும்.

சிக்கரி கலந்த தூள்

பித்தளை ஃபில்டருக்கு வையுங்கள். இதில் போட்டால் கொழகொழத்துக் காகிதத்தை அடைக்கும்.

கிரைண்டரை விட்டு மற்றதெல்லாம் வாங்குவது

மிக்ஸியில் அரைத்தால் பாதி மாவு, பாதி நொய். மாவு கசக்கும், நொய் புளிக்கும், இரண்டும் ஒரே கோப்பையில் வந்து சேரும். கையில் இருக்கும் காசுக்கு முதலில் நல்ல கை கிரைண்டர் வாங்குங்கள். வளைமூக்குக் கெட்டிலும் உலோக வடிகட்டியும் அப்புறம் பார்க்கலாம்.