ரோமத் தளபதிகளின் கிரேக்க ஆலோசகர்கள்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோம வரலாறு எழுதத் தொடங்கியிருக்கும் நாலைந்து இளைஞர்கள் தங்கள் கட்டுரைகளைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உழைப்பு நன்றாகவே தெரிகிறது. ஆனால் பதினைந்து வருடங்களுக்கு முன்னால் நான் எங்கெங்கே சறுக்கினேனோ அதே இடங்களில் அவர்களும் சறுக்குகிறார்கள். கி.மு. ஆண்டுகளைத் தலைகீழாக எண்ணுவது, ஒரு ஸ்கிப்பியோவை இன்னொரு ஸ்கிப்பியோவாக நினைப்பது மாதிரியான பிழைகள் போகப்போகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எல்லோரையும் சாணக்கியர் ஆக்குவது

கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் ஆலோசனை சொல்வதற்காக ரோமுக்கு வந்தவர் இல்லை. ரோம் மாசிடோனியாவை வென்ற பிட்னா போருக்குப் பிறகு, கி.மு. 167இல், கிரேக்கத்திலிருந்து கொண்டுபோகப்பட்ட அக்கேயா பகுதிக்காரர்கள் ஆயிரம் பேரில் ஒருவர். விசாரணை எதுவும் இல்லாமல் பதினாறு வருடங்களுக்கு மேல் அவர்களை இத்தாலியிலேயே வைத்திருந்தார்கள், ஊர் திரும்பும்போது மிஞ்சியவர்கள் ஏறக்குறைய 300 பேர். இளைஞர் ஸ்கிப்பியோ ஏமிலியானஸோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது புத்தகம் இரவல் வாங்கியதில். கி.மு. 146இல் கார்த்தேஜ் எரிந்தபோது அவர் ஸ்கிப்பியோ பக்கத்தில் இருந்தார் என்பது சரி, ஆனால் அந்த நட்பு தொடங்கியபோது ஒருவர் கைதி, இன்னொருவர் வென்ற தளபதியின் மகன். இதைச் சொல்லாமல் குரு, சீடன் என்று எழுதினால் பாதிக் கதை போய்விடுகிறது.

'ஆலோசகர்' என்ற ஒரே சொல்லில் எல்லோரையும் அடைப்பது

தத்துவ அறிஞர் பொசிடோனியஸ் ரோட்ஸ் தீவில் தன் வீட்டில் இருந்தார், ரோமத் தளபதி பாம்பிதான் தேடிப் போனார். அஸ்கலோன் ஊர் ஆன்டியோக்கஸ் என்ற தத்துவ அறிஞர் தளபதி லுகுல்லஸோடு பயணம் செய்தார். தளபதி கிராசஸிடம் இருந்த அலெக்சாந்தர் என்ற தத்துவ ஆசிரியருக்கோ, வெளியூர் போகும்போது ஒரு மேலங்கி கொடுத்து, திரும்பி வந்ததும் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

ஆலோசகர் எழுதியதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்வது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் என் மேலேயே கோபம் வருகிறது. லெஸ்போஸ் தீவின் மிட்டிலீனி ஊர்க்காரர் தியோபனிஸ், பொன்டஸ் மன்னர் மித்ரிடேட்டீஸுக்கு எதிரான போரில் பாம்பியோடு கூடவே போனவர், அந்தப் போரின் வரலாற்றையும் எழுதியவர். படைவீரர்கள் கூடியிருந்த இடத்திலேயே பாம்பி அவருக்கு ரோமக் குடியுரிமை கொடுத்தார். ஆசியாவில் கி.மு. 88இல் ரோமர்களையும் இத்தாலியர்களையும் கொன்று குவித்தார்களே, அதைச் செய்யும்படி மித்ரிடேட்டீஸைத் தூண்டும் உரை ஒன்று அந்த மன்னருடைய இரகசிய ஆவணங்களில் கிடைத்தது, எழுதியவர் ருட்டிலியஸ் ரூஃபஸ் என்ற ரோமர் என்கிறார் தியோபனிஸ். நேர்மையாக நடந்தும் பொய் வழக்கில் தண்டனை பெற்று நாட்டை விட்டுப் போனவர் ருட்டிலியஸ். இதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. நேர்மையான மனிதர் தன் நாட்டைப் பழிவாங்கினார் என்று எட்டுப் பக்கம் எழுதினேன், ஒரு சிற்றிதழில் அச்சானது. அடுத்த வாரமே ஒரு வயதான வாசகரிடமிருந்து அஞ்சலட்டை: "தம்பி, இதைச் சொன்னது யார்? சொன்னவருக்கு இதில் என்ன லாபம்?"

அப்புறம்தான் பாம்பியின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய புளூட்டார்க்கை ஒழுங்காகப் படித்தேன். செய்தியைச் சொன்ன கையோடு, இது தியோபனிஸின் விஷமம் என்று பலரும் கருதுவது சரிதான் என்று அவரே எழுதியிருக்கிறார். ருட்டிலியஸ் தன் வரலாற்றில் பாம்பியின் அப்பாவைப் படுமோசமானவராகக் காட்டியிருந்தாராம். நான் முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருந்தேன்.

இன்னொன்றும் உண்டு, இது என் கணிப்பு. ரோமத் தூதர் அக்விலியஸை மித்ரிடேட்டீஸிடம் பிடித்துக் கொடுத்தவர்கள் மிட்டிலீனிக்காரர்கள். ரோமிடம் சுதந்திரத்தை இழந்த அந்த ஊருக்கு, கி.மு. 62இல் தியோபனிஸுக்காக பாம்பி அதைத் திருப்பிக் கொடுத்தார். படுகொலையைத் தூண்டியது ஒரு ரோமரே என்றால் ஊர் மேலுள்ள பழி கொஞ்சம் குறையும் இல்லையா? ருட்டிலியஸும் அந்தச் சமயம் மிட்டிலீனியில்தான் மாட்டிக்கொண்டிருந்தார், ரோம உடையைக் கழற்றிவிட்டுக் கிரேக்க உடை போட்டுக்கொண்டுதான் தப்பினார் என்கிறார் ரோமப் பேச்சாளர் சிசரோ. தூண்டிவிட்டவர் எதற்காக உடை மாற்றி ஒளிய வேண்டும்?

அடுத்த இதழில் திருத்தம் போட்டோம். அதற்குள் வேறொருவர் என் கட்டுரையை மேற்கோள் காட்டிவிட்டார், அவரைப் பார்த்து இன்னொருவர். திருத்தத்தை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பதில் சொல்ல முடியாத ஒரு மனிதர் மேல் விழுந்த இரண்டாவது பொய்ப் பழி அது, அதைப் பரப்பியதில் எனக்கும் பங்கு உண்டு.

அதற்காக தியோபனிஸை ஒதுக்கிவிடவும் வேண்டாம். பெரிய விஷயங்களில் பாம்பி வழக்கமாகக் கலந்து பேசும் மூன்று பேரில் ஒருவராக அவரைக் குறிப்பிடுபவர் எதிரணியில் இருந்த சீசர். அவரைப் பெரிய ஆளாகக் காட்ட வேண்டிய தேவை சீசருக்கு இல்லை. நீங்கள் தேட வேண்டியது இந்த மாதிரிச் சாட்சியைத்தான்.

சொந்த ஊரை மறப்பது

தியோபனிஸுக்கு மிட்டிலீனி, பேரரசர் அகஸ்டஸின் ஆசிரியர் ஆரியஸுக்கு அலெக்சாந்திரியா. ஊரை விட்டுவிட்டு ஆளை எழுதாதீர்கள்.

தோல்விக்கு ஆலோசகர் தலையை உருட்டுவது

பார்சலஸ் போரில் சீசரிடம் தோற்ற பாம்பி கிழக்கே பார்த்தியப் பேரரசுக்குப் போகலாமா என்று யோசித்தபோது, மூன்று நாள் கப்பல் பயணத்தில் எகிப்து இருக்க அங்கே ஏன் போக வேண்டும் என்று தியோபனிஸ் சொன்னதாக புளூட்டார்க் எழுதுகிறார். எகிப்தில் பாம்பியைக் கரைக்கு அழைத்துப் போகும் படகிலேயே குத்திக் கொன்றார்கள். எனக்கு வந்த கட்டுரைகளில் மூன்று, இந்தக் கொலையை முழுக்க தியோபனிஸ் கணக்கில் எழுதியிருக்கின்றன. ஆனால் அங்கே ஆண்ட சிறுவன் தாலமியின் அப்பா அரியணையைத் திரும்பப் பெறத் துணை நின்றவர் பாம்பி. அந்த நன்றி இருக்கும் என்று நம்ப அவருக்கே காரணம் இருந்தது, எகிப்துக்குப் போக முடிவு செய்ததும் அவர்தான்.